முப்பது விநாடி

சட்டையின் இரண்டாம் பொத்தானுக்குக் கீழே
மைக்கை நான்தான் ஒட்டினேன்.
கழற்றும்போது மயிரைப் பிடித்து இழுக்கும் என்றேன்.
"இதுக்கெல்லாமா கத்துவேன்" என்று சிரித்தார்
ஐஸ் தேசப்பன்.
காசிமேட்டில் பாளம் பாளமாய் ஐஸ் உடைத்த கை,
பிறகு வேறு சிலவற்றையும் உடைத்த கை,
இப்போது புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறது
தேதியோடு, பச்சை மையில்.

புழலில் பதினொரு வருடம்.
எழுதப் பழகியது அங்கேதானாம்,
மருந்துச் சீட்டின் பின்பக்கம்.
நாலாம் பதிப்பு. ஒரு பரிசு.
பரிசைப் பிடுங்கச் சொல்லி ஒரு வழக்கு.
அப்புறம் எங்கள் படம்.

மூன்றாம் நாள் மதியம்
மைக்கோடு குளியலறைக்குப் போய்விட்டார்.
எல்லோரும் செய்கிற மறதிதான்.
ஹெட்போனை நான் கழற்றியிருக்க வேண்டும்.
குழாய்ச் சத்தம். ஒரு செருமல்.
"அந்தம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்."
மறுபடியும்,
"அந்தம்மா முகத்தை"
(இங்கே ஒரு மூச்சு)
"நான் எப்படிப் பார்ப்பேன்."
மூன்றாம் தடவை 'நான்' இல்லை.
அதுதான் நன்றாக இருந்தது.

வெளியே வந்து, கேமராவுக்கு முன் உட்கார்ந்து,
'நான்' இல்லாமலே சொன்னார்.
இயக்குநர் மாளவிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.
நான் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒத்திகை பார்த்தால் பொய்யாகிவிடுமா, தெரியவில்லை.
வாடகைக்குத் தவணை சொல்ல
ஷேர் ஆட்டோவில் உதடசைத்துக்கொண்டே போகிறவன் நான்.
பாக்கி உண்மைதானே.

நாகபூஷணம் மைக் மாட்ட விடவில்லை.
குச்சியில் கட்டி
அவர் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்திருந்தேன்,
சாமிக்குக் குடை பிடிப்பவன் மாதிரி.
எர்ணாவூர் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
மன்னிப்பீங்களா என்று கேட்டாள் மாளவிகா.
"பொஸ்தகம் இன்னா வெல?"
முந்நூற்றைம்பது.
"எங்க ஊட்டுக்காரரு எந்தப் பக்கத்துல கீறாரு?"
நூற்று நாற்பத்தேழு. எடுத்துக் காட்டினோம்.
படிக்கவில்லை, விரலை வைத்து அளந்தார்.
ஒன்றரை வரி.
"எத்திராஜுன்னு பேரு போட்டுக்குதா?"
'ஒருத்தன்' என்று இருந்தது.

எங்கே போனாலும் கடைசியில்
முப்பது விநாடி சும்மா பதிவுசெய்வோம்.
ஓர் அறையின் மௌனம் இன்னோர் அறைக்கு இல்லை;
வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.
யாரும் அசையாதீங்க, பேசாதீங்க என்றேன்.
நாகபூஷணம் எழுந்து நின்றார்.
முந்தானையை இழுத்துச் செருகி,
தலை குனிந்து.
செத்தவருக்காகத்தான் நிற்கச் சொல்கிறோம் என்று
நினைத்துவிட்டார்.
இருபத்தாறு வருடத்தில் யாரும் நின்றதில்லை.
மாளவிகாவும் எழுந்தாள். கேமராக்காரரும்.
முப்பதில் நான் நிறுத்தவில்லை.
கீழே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்தது,
பீங், பீங்.
அவர் உட்காரும்வரை
இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.

சாலிகிராமத்தில் ஒலிக்கலவை.
தேசப்பன் வீட்டு ஃப்ரிட்ஜ்
அந்த வாக்கியத்தின் அடியில் உறுமிக்கொண்டிருந்தது.
துடைத்தால் குரல் தகர டப்பாவாகிறது.
"வேற ரூம் எதையாவது போட்டு மூடிடு,
யாருக்குத் தெரியப்போகுது" என்றாள் மாளவிகா.
நீளமான மௌனம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது.
அதில் எந்த முப்பதை எடுப்பது என்பது
என் வேலை.

நுங்கம்பாக்கத்தில் முதல் திரையிடல்.
அந்த இடம் வந்ததும் அரங்கில் மூக்குறிஞ்சல்கள்.
கைதட்டல் அடங்கி, போட்டோ முடிந்து,
லிஃப்டுக்குக் காத்திருக்கையில்
என் தோளைத் தொட்டார்.
எழுதுகிறவரின் காது.
"தம்பி, நம்ம தெருவுல தண்ணி லாரி வராதே?"
எர்ணாவூர்ல வரும், என்றேன்.
லிஃப்ட் வந்து திறந்து நின்றது.
அவர் ஏறவில்லை.